தொதலுக்கு ஐந்து நட்சத்திரம், பிரைவசி பக்கத்துக்கு இரண்டு

முதலில் சரக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் அதற்காகத்தான் வந்திருப்பீர்கள். கீழக்கரையிலிருந்து தொதல், ஓட்டுமாவு, நெத்திலிக் கருவாடு, முண்டு மிளகாய் எல்லாவற்றுக்கும் இணையத்தில் ஆர்டர் எடுத்து வெளியூர்களுக்கு அனுப்பும் கடை இது. தொதல் பிரமாதம். அரிசி மாவையும் தேங்காய்ப்பாலையும் சீனியையும் நெய்யையும் போட்டுக் கை ஓயக் கிளற வேண்டிய பண்டம். கொஞ்சம் முந்தி இறக்கினால் கொழகொழ, கொஞ்சம் பிந்தினால் பல்லை விட்டு வராது. இவர்களுக்குப் பதம் தவறுவதே இல்லை. சென்னை மண்ணடியில் இருக்கும் என் லாத்தா (அக்கா), எங்கள் உம்மா (அம்மா) கிளறிய தொதலைத் தின்று வளர்ந்தவர், லேசில் எதையும் நல்லது என்று சொல்லமாட்டார். "தண்ணிப்பாலு கலக்கல, முதப்பாலுதான் ஊத்திருக்கான்" என்று போனில் சொன்னார். இதற்கு மேல் சான்றிதழ் வேண்டியதில்லை.

நெத்திலியில் மணல் இல்லை, உப்பும் அளவாக இருந்தது. எனக்குப் பிடித்த விஷயம் வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் பல கடைகள் மூலையில் கிடந்த பழைய சரக்கைத் தூசி தட்டி அனுப்பும். இவர்கள் 'ஸ்டாக் இல்லை' என்று பக்கத்தில் போட்டுவிடுகிறார்கள். முண்டு மிளகாயும் நம் ராமநாதபுரம் மாவட்டத்து அசல்தான். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து உருண்டையாக இருக்கும் மிளகாய்க்கெல்லாம் இந்தப் பெயரை வைத்து விற்கிறார்கள், அதனால் சொல்கிறேன். கருவாட்டையும் தொதலையும் தனித்தனிப் பெட்டியில் கட்டுகிறார்கள். இதைக் கேட்காமலே செய்வது புத்திசாலித்தனம். ஓட்டுமாவு சுமார்.

இனி இணையதளம். விரிவாக எழுத உட்கார்ந்தது இதற்காகத்தான்.

கடைப் பெயரை எழுதவில்லை. உள்ளூர் ஆட்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள். வெளியூர் ஆட்களுக்கு இந்தக் கடையை விட, இதுபோல் நூறு கடைகளின் தளங்களை எப்படிப் பார்ப்பது என்பது உதவும்.

என் பிழைப்பு ஜெராக்ஸ் கடை. கூடவே பாஸ்போர்ட் விண்ணப்பம், விசா பிரின்ட், பி.எஃப்., ரேஷன் கார்டு திருத்தம். எங்கள் ஊரில் துபாய், மலேசியா என்று ஆள் போகாத தெரு கிடையாது. அதனால் என் கம்ப்யூட்டர் வழியாகப் போகும் பாஸ்போர்ட் நகல்களுக்குக் கணக்கில்லை. ராத்திரி ஷட்டரை இறக்குமுன் டவுன்லோட் ஃபோல்டரைக் காலி செய்வேன், ரீசைக்கிள் பின்னையும் சேர்த்து. அடுத்தவர் தாள்களைப் பார்த்துப் பார்த்தே ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. படிவத்தில் ஒரு கட்டத்தைப் பார்த்தால், இது எதற்கு என்று கேட்காமல் நிரப்பமாட்டேன்.

இந்தத் தளத்தில் ஆர்டர் போடும் படிவம் பெயர், மொபைல், முகவரி, பின்கோடு கேட்டது. சரி, பார்சல் போய்ச் சேர வேண்டும். இமெயில், பில்லுக்கு. வாட்ஸ்அப் நம்பர் தனியாக, டிராக்கிங் லிங்க் அனுப்ப. அதையும் ஒப்புக்கொள்ளலாம். அப்புறம் பிறந்த தேதி. அப்புறம் ஆணா பெண்ணா. அப்புறம் திருமண நாள்! மூன்றுக்கும் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம், நிரப்பாமல் தாண்ட முடியாது. அரைக் கிலோ தொதலுக்கு என் நிக்காஹ் தேதி எதற்கு?

வாழ்த்து மெசேஜ் அனுப்பத்தானே, கொடுத்தால் என்ன என்று சிலர் நினைக்கலாம். என் கடைக்கு வந்து ஒரு நாள் உட்காருங்கள். இ-ஆதார் பிடிஎஃப் கோப்பைத் திறக்கும் பாஸ்வேர்டு, பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த வருடமும். இ-பான் கோப்புக்குப் பிறந்த தேதியேதான் பாஸ்வேர்டு. பல வங்கி ஸ்டேட்மென்ட்டுகளும் பிறந்த தேதியை வைத்தே திறக்கின்றன. பெயர், மொபைல் நம்பர், பிறந்த தேதி, முகவரி நான்கும் ஒரே வரியில் ஒரு பட்டியலில் இருந்தால், அந்தப் பட்டியல் யார் கையில் இருக்கிறதோ அவர் போன் போட்டு "பேங்க்ல இருந்து பேசுறோம் சார்" என்று ஆரம்பிக்கலாம். முகவரியையும் பிறந்த தேதியையும் அவரே சரியாகச் சொல்லும்போது நம் ஆள் நம்பாமல் என்ன செய்வார்?

படிவத்தின் அடியில் ஒரு குட்டிக் கட்டம், ஏற்கெனவே டிக் அடித்தபடி. ஆஃபர்களையும் 'பார்ட்னர்' நிறுவனங்களின் செய்திகளையும் பெற எனக்குச் சம்மதம் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. நான் அடிக்காத டிக்கில் என் சம்மதம் எங்கிருந்து வந்தது? 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது: சம்மதம் என்பது நாமே தெரிந்து, நாமே ஒரு செயலால் தெரிவிப்பதாக இருக்க வேண்டும், எந்தக் காரியத்துக்காகக் கேட்டார்களோ அதற்குத் தேவையான தகவலோடு நிற்க வேண்டும். சட்டத்திலேயே ஒரு உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். போனிலேயே டாக்டரைப் பார்க்க ஒருவர் ஆப் இறக்குகிறார். அது அவருடைய காண்டாக்ட் லிஸ்டையும் கேட்கிறது, அவரும் சரி என்கிறார். வைத்தியத்துக்குக் காண்டாக்ட் லிஸ்ட் தேவையில்லை என்பதால் அந்தச் 'சரி' வைத்தியம் சம்பந்தப்பட்ட தகவலோடு முடிந்துவிடுகிறது. இந்தக் காண்டாக்ட் லிஸ்ட் விவகாரத்துக்குக் கொஞ்ச நேரத்தில் வருகிறேன், நம் தொதல் கடைக்கும் ஒரு ஆப் இருக்கிறது.

அதற்கு முன் தனியுரிமைக் கொள்கைப் பக்கம், அதாவது நம் தகவலை வாங்கி என்ன செய்வார்கள் என்று கடை எழுதிவைக்கும் பிரைவசி பக்கம். தளத்தின் ஆக அடியில், சாம்பல் நிறத்தில், கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் லிங்க். இதை யார் படிப்பார்கள் என்று கேட்டால், யாரும் படிக்கமாட்டார்கள் என்பதுதான் பதில். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2008-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒருவர் ஓராண்டில் போகும் தளங்களின் கொள்கைகளையெல்லாம் வரி விடாமல் படித்தால் சுமார் 244 மணி நேரம் ஆகுமாம். அது 2008 கணக்கு, அப்போது பலசரக்குக் கடைக்கெல்லாம் ஆப் கிடையாது. நான் படிப்பது தொழில் கோளாறு, அவ்வளவுதான்.

படித்தேன். முழுக்க ஆங்கிலம். முதல் பத்தியிலேயே கலிபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு உள்ள உரிமைகள். அடுத்து ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவர்களுக்கு. கீழக்கரைக்காரனுக்கும் மண்ணடிக்காரிக்கும் என்ன உரிமை என்று ஒரு வரி இல்லை. நடுவில், உங்கள் செல்லப்பிராணியின் இனம், வயது, எடை ஆகியவற்றைச் சேகரிக்கிறோம் என்று இருந்தது. திரும்பப் படித்தேன். ஏதோ ஒரு நாய்த் தீனி கம்பெனியின் பக்கத்தை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ஒரு இடத்தில் அந்தக் கம்பெனியின் பெயரைக்கூட எடுக்கவில்லை.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் வேறு சில வரிகளுக்குச் சிரிப்பு வரவில்லை. 'அடுத்த முறை வசதிக்காக உங்கள் கார்டு விவரங்களைச் சேமித்து வைப்போம்' என்று ஒன்று. ரிசர்வ் வங்கி விதிப்படி 2022 அக்டோபர் 1 முதல் எந்த வியாபாரியும் வாடிக்கையாளரின் கார்டு நம்பரைத் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது, நம்பருக்குப் பதிலாக ஒரு மாற்றுக் குறியை வைக்கும் டோக்கன் முறைதான். இவர்கள் உண்மையிலேயே சேமிக்கிறார்களா, அல்லது நாய்த் தீனிக்காரர் எழுதியதைத் தங்கள் வாயால் சொல்கிறார்களா என்று வாடிக்கையாளருக்கு எப்படித் தெரியும்? 'எங்கள் துணை நிறுவனங்களுடனும் நம்பகமான கூட்டாளிகளுடனும் தகவலைப் பகிரலாம்' என்று இன்னொன்று. அரண்மனை மாதிரி எழுதியிருக்கிறது. இருப்பது ஒரு சமையல் கட்டும் ஒரு பேக்கிங் அறையும். துணை நிறுவனம் யார், முதலாளியின் மச்சான் வைத்திருக்கும் டிராவல்ஸா?

கொள்கையை எப்போது எழுதினார்கள் என்ற தேதி இல்லை. குறை சொல்ல ஆள் பெயரும் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2011-இல் வந்த விதிகளே குறைதீர்ப்பு அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும், புகாரை ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன. புதுச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. வியாபாரிகளின் முக்கியமான கடமைகளுக்குப் பதினெட்டு மாதம் அவகாசம், அதாவது 2027 மே வாக்கில்தான் முழுதாக அமலுக்கு வரும். அதுவரை பழைய விதிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன; இன்னும் வரவில்லையே என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. புதுச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு பிரிவு: அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதில் கேட்டாலும், நம் தகவலை எதற்கு வாங்குகிறார்கள் என்று சொல்லும் அறிவிப்பைப் படிக்கும் வசதி இருக்க வேண்டும். தமிழும் அதில் உண்டு. தொதல் பக்கத்தில் 'உம்மா கைப்பக்குவம்' என்று தமிழில் கொட்டை எழுத்தில் போடத் தெரிந்தவர்களுக்கு இதையும் தமிழில் போடத் தெரியாதா என்ன.

சரி, ஆப். ஆண்ட்ராய்டில் மட்டும் இருக்கிறது. திறந்ததும் இருப்பிடம் கேட்டது, காண்டாக்ட் லிஸ்ட் கேட்டது, போட்டோக்களைக் கேட்டது. மூன்றையும் மறுத்தேன். காண்டாக்ட் கொடுக்கவில்லை என்றால் மேலே போகமாட்டேன் என்று அதே திரையில் நின்றது. பிளே ஸ்டோரில் ஒவ்வொரு ஆப்புக்கும் 'டேட்டா சேஃப்டி' என்று ஒரு பகுதி உண்டு. அதில் இந்த ஆப் 'எந்தத் தகவலையும் சேகரிப்பதில்லை' என்று போட்டிருக்கிறது. ஆர்டர் எடுக்கும் ஆப், பெயர்கூடச் சேகரிப்பதில்லையாம்! அந்தப் பகுதியை ஆப்பை உருவாக்கியவரே நிரப்புகிறார் என்பதை நினைவில் வையுங்கள். எல்லாவற்றையும் எடுப்போம் என்கிறது நாய்த் தீனிக் கொள்கை, எதையும் எடுப்பதில்லை என்கிறது பிளே ஸ்டோர், காண்டாக்ட் கொடு என்கிறது ஆப். ஒரே கடைக்கு மூன்று வாய். ஆப்பை நீக்கிவிட்டு பிரவுசரிலேயே ஆர்டர் போட்டேன். ஆப்பை போனிலிருந்து நீக்கினால் அவர்களிடம் உள்ள கணக்கு அழியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணக்கை அழிக்கும் வழியைத் தனியாக வைக்க வேண்டும் என்று கூகுளே ஆப்காரர்களுக்கு விதி போட்டிருக்கிறது. இதில் தேடினேன், கிடைக்கவில்லை.

ஆர்டர் போடும்போது ஒரு சின்ன வேலை செய்தேன், எல்லாத் தளங்களிலும் செய்வதுதான். ஜிமெயில் முகவரியில் பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறி போட்டு, அதன் பின் என்ன எழுதினாலும் கடிதம் நம் பெட்டிக்கே வரும். கூட்டலுக்குப் பின் தொதல் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்த முகவரிக்கு வேறு யாராவது எழுதினால், தகவல் இந்தக் கடையிலிருந்துதான் போயிருக்கிறது என்று அர்த்தம். இன்று வரை அந்த முகவரிக்குக் கடையின் பில்லையும் பெருநாள் வாழ்த்தையும் தவிர ஒன்றும் வரவில்லை. கூட்டலையும் அதன் வாலையும் வெட்டிவிட்டு விற்கிற கெட்டிக்காரர்களும் உண்டு, ஆகவே இது முழு ஆதாரம் ஆகாது. ஆனாலும் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

எதிர்ப்பக்கத்துக்கு ஒன்று. 2025 ஏப்ரல் 6-இல் பாம்பன் புதுப் பாலம் திறந்து ராமேஸ்வரத்துக்குத் திரும்ப ரயில் போக ஆரம்பித்த பிறகு அங்கே அறை கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. கோவை நண்பர் குடும்பத்துக்காக ஒரு முன்பதிவுத் தளத்தில் அறை போட்டேன். பெயர் வேண்டாம். அவர்களுடைய தனியுரிமைக் கொள்கை அற்புதம். தேதி இருக்கிறது, குறைதீர்ப்பு அலுவலர் பெயர் இருக்கிறது, எதை எத்தனை காலம் வைத்திருப்பார்கள் என்று அட்டவணையே இருக்கிறது, வக்கீல் எழுதியது என்று பார்த்தாலே தெரியும். அங்கேயும் கூட்டல் குறி முகவரிதான் கொடுத்திருந்தேன். நண்பர் ஊர் திரும்பிச் சேர்வதற்குள் அந்த முகவரிக்கு வீட்டுமனை விளம்பரம், தனிநபர் கடன், நகைக் கடன் என்று வரத் தொடங்கிவிட்டது. அவர்கள் விற்றார்களோ, அவர்களிடமிருந்து திருடு போனதோ, எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஆதார் படம் ஏற்றச் சொன்ன இடத்தில் மறைக்கப்பட்ட ஆதாரை ஏற்றியிருந்தோம், அது மட்டும் நிம்மதி. கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் அந்த வடிவத்தை ஆதார் தளத்திலேயே இலவசமாக இறக்கலாம். என் கடையில் ஆதார் பிரின்ட் கேட்டு வருகிறவர்களுக்கு, எங்கே கொடுக்கப்போகிறீர்கள் என்று கேட்டுவிட்டு அதைத்தான் முதலில் எடுத்துக் கொடுப்பேன்.

ஆக, எழுத்து சுத்தமாக இருந்த இடத்தில் காரியம் மோசம். நம் தொதல் கடையில் எழுத்து கந்தல், காரியம் பரவாயில்லை போலிருக்கிறது. உள்ளூர்தானே, நேரில் கேட்டுவிடலாம் என்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு கடைக்கே போனேன். முதலாளி கல்லாவில் இருந்தார். இணையதளத்தைப் பார்ப்பது அவர் மகன், கல்லூரி முடித்த பையன்.

"தம்பி, உங்க பிரைவசி பாலிசியைப் படிச்சேன்" என்றேன்.

"அதையெல்லாம் படிப்பாங்களா காக்கா?" என்றான் பையன். எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்.

"யாரு எழுதுனது?"

"எழுதல காக்கா. பேமென்ட் கேட்வே வாங்கப் போனப்ப, பிரைவசி பாலிசி, ரீஃபண்ட் பாலிசி, டெர்ம்ஸ் மூணு பக்கமும் இருந்தாத்தான் ஆக்டிவேட் பண்ணுவோம்னுட்டாங்க. அன்னைக்கு ராத்திரியே ஒரு சைட்ல இருந்து எடுத்துப் போட்டுட்டேன்."

"அதுல நாய் எடை கேட்டிருக்கே."

"எந்த நாய்?"

அவன் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்ததே இல்லை. சின்னக் கடைகளின் தளங்களில் இந்தப் பக்கம் எப்படி முளைக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் முழுதாக விளங்கியது. வாடிக்கையாளர் படிக்க வேண்டும் என்று யாரும் அதைப் போடவில்லை. பணம் வாங்கும் வழியைத் திறக்க ஒரு சாவியாகப் போட்டிருக்கிறார்கள். திறந்ததும் சாவியின் வேலை முடிந்தது.

அடுத்து, ஆர்டர் வந்ததும் எங்கே போகிறது என்று கேட்டேன். பையன் ஒளிக்காமல் காட்டினான். முதலில் ஒரு கூகுள் ஷீட். அதன் செட்டிங்கில் 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' என்று இருந்தது. அங்கிருந்து பேக்கிங் செய்யும் பெண்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குழு. ஒவ்வொரு ஆர்டரும் பெயர், முகவரி, நம்பரோடு ஸ்கிரீன்ஷாட்டாக அந்தக் குழுவில் விழும். குழுவில் பேக்கிங் பெண்கள் இருக்கிறார்கள், கூரியர் எடுக்க வரும் பையன் இருக்கிறான், ஆட்டோ ஓட்டுபவர் இருக்கிறார், வேலையை விட்டுப்போய் மாதக் கணக்கான இருவரும் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வரும் படத்தைத் தானாகவே கேலரியில் சேமிக்கும் போனாக இருந்தால், என் லாத்தாவின் வீட்டு நம்பரும் மாடி எண்ணும் அத்தனை பேர் கேலரியிலும் பிள்ளைகள் படங்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும்.

அந்த நீண்ட ஆங்கிலப் பக்கத்தில் தளத்தில் நாம் என்ன செய்கிறோம் என்று பின்தொடரும் குக்கீ உண்டு, பிக்சல் உண்டு, கலிபோர்னியா உண்டு. இந்தக் கூகுள் ஷீட்டும் இந்த வாட்ஸ்அப் குழுவும் மட்டும் இல்லை. தகவல் உண்மையில் நடந்துபோகும் பாதை இந்த இரண்டுதான்.

இதை ஏன் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்றால், இந்தக் கடைக்கு ஆர்டர் போடுகிறவர்கள் யார் என்று பாருங்கள். வளைகுடாவில் இருக்கும் கணவன் அங்கிருந்து பணம் கட்டி, ஊரில் இருக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தொதல் அனுப்புகிறான். பணம் கட்டியவர் வெளிநாட்டில், பெறுபவர் பெண், இன்ன தெரு, இன்ன நம்பர். ஆண்கள் இல்லாத வீடுகளின் பட்டியலை யாரோ உட்கார்ந்து தயாரித்ததுபோல் அந்தக் குழுவில் கிடக்கிறது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பேக்கிங் பெண்களைப் பற்றி எனக்குச் சந்தேகமே கிடையாது, பாதிப் பேர் எங்கள் தெருக்காரர்கள். ஆனால் வேலையை விட்டுப்போனவர் போன் தொலைந்தால்? விற்றால்?

"நாங்க யாருக்கும் நம்பரை விக்கல தம்பி" என்றார் முதலாளி, கொஞ்சம் மனத்தாங்கலோடு.

"தெரியும் மாமா, அதுக்கு ஆதாரமே என்கிட்ட இருக்கு" என்று கூட்டல் குறிக் கதையைச் சொன்னேன். அப்புறம்தான் முகம் தெளிந்தது. பையனுக்குச் சட்டத்தைச் சொன்னபோது, தகவலைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்ற இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "இருநூத்தம்பது கோடியா? தொதல் கிளறியா கட்டுறது?" அது உச்சவரம்பு, குற்றத்தின் அளவைப் பார்த்துத்தான் போடுவார்கள் என்று சமாதானம் சொன்னேன். தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தாமதமில்லாமல் சொல்ல வேண்டும், தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் விவரம் தர வேண்டும் என்பதையும் சொன்னேன். யார் யாரிடம் சொல்வது என்று தெரிய வேண்டுமென்றால், யார் யார் தகவல் எங்கே இருக்கிறது என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். இப்போதைக்கு அவனுக்கு அது தெரியாது.

நாய்ப் பக்கத்தைத் தூக்கிவிட்டு என்ன போடுவது என்று கேட்டான். அங்கேயே ஒரு பில் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

"நாங்கள் வாங்குவது உங்கள் பெயர், முகவரி, போன் நம்பர். பார்சல் அனுப்ப மட்டுமே. கூரியர்காரரிடம் இந்த மூன்றும் போகும், வேறு யாருக்கும் தரமாட்டோம். பணம் கேட்வே வழியாக வருகிறது, உங்கள் கார்டு நம்பர் எங்கள் கைக்கு வராது. ஜிஎஸ்டி கணக்குக்குத் தேவையான பில்லைத் தவிர மற்றதைப் பார்சல் சேர்ந்தபின் அழித்துவிடுவோம். ஆஃபர் மெசேஜ் நீங்கள் கேட்டால்தான் வரும். நிறுத்த 'வேண்டாம்' என்று ஒரு மெசேஜ் போதும். உங்களைப் பற்றி எங்களிடம் என்ன இருக்கிறது என்று கேட்கலாம், திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம். குறை இருந்தால் இந்த நம்பரில் இன்னாரைக் கேளுங்கள்."

வக்கீல் பார்த்தால் இன்னும் நாலு வரி சேர்ப்பார், சேர்க்கட்டும். தொதல் கடைக்கு இதுவே பெரும்பாலும் போதும். எழுதுவது சுலபம், எழுதினபடி நடக்க வாட்ஸ்அப் குழுவைக் கலைக்க வேண்டும், அதுதான் கஷ்டம். பெண்களுக்கு ஆர்டர் நம்பரும் சரக்கும் மட்டும் தெரிந்தால் போதாதா, முகவரி லேபிளைக் கடைசியில் ஒருவர் பிரின்ட் எடுத்து ஒட்டலாமே என்று சொன்னேன். "லேபிள் பிரின்டர் வாங்கணும் காக்கா" என்றான் பையன், வாப்பாவைப் பார்த்தபடி. வாப்பா கல்லாவைப் பார்த்தார்.

இப்போதைய நிலவரம்: திருமண நாள் கட்டம் போய்விட்டது. டிக் தானாக விழுவதில்லை. பிறந்த தேதி இன்னும் இருக்கிறது, ஆனால் சிவப்பு நட்சத்திரம் இல்லை. தமிழ் அறிவிப்பு வந்துவிட்டது, எழுத்தும் கண்ணுக்குத் தெரிகிற அளவு. அதற்குக் கீழேயே பழைய ஆங்கிலப் பக்கமும் இருக்கிறது, நாயோடு. எடுத்தால் கேட்வேக்காரர்கள் ஏதாவது சொல்வார்களோ என்று பையனுக்குப் பயம். ஷீட்டைப் பூட்டிவிட்டான், வேலையை விட்ட இருவரையும் குழுவிலிருந்து எடுத்துவிட்டான். குழு இருக்கிறது. ஆப் அப்படியே காண்டாக்ட் கேட்கிறது. செய்துகொடுத்த மதுரைக்காரர் போன் எடுப்பதில்லையாம். ஆகவே இரண்டு நட்சத்திரம். அந்த ஆங்கிலப் பக்கமும் ஆப்பும் போய்விட்டால் நாலு போடுவேன்.

பெறுபவரின் நம்பரைக் கொடுப்பது பற்றி ஒரு வார்த்தை. நான் ஆர்டர் போடும்போது கொடுப்பது என் லாத்தாவின் நம்பர். அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, நானும் கேட்டதில்லை என்று இதை எழுதும்போதுதான் தோன்றியது. கேட்டேன், "தொதல் வருதுல்ல, குடு" என்றார். பெட்டியின் மேல் பெயர், முகவரி, நம்பர் மூன்றும் பெரிதாக அச்சாகி வருகின்றன, இது எல்லாக் கூரியரிலும் உள்ளதுதான். பெட்டியைக் குப்பையில் போடுமுன் அந்தத் தாளைக் கிழித்துவிடச் சொல்லுங்கள். மண்ணடி மாதிரி அடுக்குமாடி வீட்டுக் குப்பைத் தொட்டியை யார் வேண்டுமானாலும் கிளறுவார்கள்.

ஆர்டர் போடப்போகிறவர்களுக்கு: ஆப் வேண்டாம், பிரவுசரிலேயே போடுங்கள். பிறந்த தேதியைக் காலியாக விட்டாலும் ஆர்டர் போகிறது. கேஷ் ஆன் டெலிவரி கருவாட்டுக்கு இல்லை, தொதலுக்கு உண்டு. முந்திரி போட்டது, போடாதது என்று இரண்டு வகை வைத்திருக்கிறார்கள், போடாததை வாங்குங்கள். இமெயிலில் கூட்டல் குறியை இவர்கள் படிவம் ஏற்றுக்கொள்கிறது.